மாணவன் கேட்ட வினாவும் மாறிய மொழியும்

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை, கண்டி அரசர் காலத்திலே போர்த்துக்கேயர் வழியினர் குடியமர்ந்த ஊராக அறியப்படுவது. போர்த்துக்கேய மொழியிலிருந்து அலுமாரி, மேசை, யன்னல் முதலிய சொற்கள் தமிழுக்கு வந்து நம் வீட்டுச் சொற்களாயின. புலம்பெயர்ந்த சொல்லுக்கு ஒலி மாறுகின்றது. புலம்பெயர்ந்த குறிக்கோ சில வேளைகளிற் பொருளே மாறிவிடுகின்றது. அதனால் விளையும் மயக்கத்தைக் கணினி மொழி கற்கப் புகும் மாணவனிடத்தே காணலாம்.

இலங்கையில் க.பொ.த. உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலே பைதன் என்னும் கணினி மொழி இடம்பெறுகின்றது. அதிலே ஒரு பெயரை இட்டு, 'அ = அ + 1' என்பது போன்ற வரியைக் காணும் மாணவன் திகைக்கின்றான். ஓர் எண், தன்னிலும் ஒன்று கூடிய எண்ணுக்குச் சமமாதல் எங்ஙனம்? கணிதம் கற்றவன் கேட்கவேண்டிய வினாவே இது.

சமக்குறியை 1557ஆம் ஆண்டில் நூலில் வழங்கியவர் வேல்ஸ் நாட்டு ரொபேர்ட் ரெக்கோர்ட். இணையான இரு கோடுகளைப்போலச் சமமானவை பிறிதில்லை என்பது அவர் கருத்து. நானூறு ஆண்டுகளின் பின், 1957இல் வெளிவந்த போர்ட்ரான் மொழி, 'வலப்புறத்து விடையை இடப்புறத்துப் பெயரில் வை' என்னும் கட்டளைப் பொருளை அக்குறிக்குத் தந்தது. மயக்கம் நீங்க, அல்கோல் மொழியினர் அதன் முன்னே முக்காற்புள்ளி இட்டனர். அம்ஸ்டர்டாமிலே கற்போருக்கென ஆக்கப்பட்ட ஏபிசி மொழியோ, குறியை விடுத்து, 'இதனை இதனுள் இடு' எனச் சொல்லாலேயே எழுதச் செய்தது. ஏபிசி மொழிப் பணியில் ஈடுபட்டிருந்த கைடோ வான் ரொசம் 1991இல் வெளியிட்ட பைதன், பழைய குறியையே கைக்கொண்டது. சமமா என வினவுதற்கு இன்று அதில் இரட்டைச் சமக்குறி வழங்குகின்றது.

சற்றே முன்னேறிய மாணவரின் வினா மற்றொன்று. அந்நாளைய பைதனில் 7ஐ 2ஆல் வகுத்தால் விடை 3. எஞ்சிய அரை எங்கே போயிற்று? முழுவெண்ணை முழுவெண்ணால் வகுத்தால் விடையும் முழுவெண்ணே என்பது சி மொழியின் வழக்கம். பைதனும் அதனைப் பின்பற்றியது. பைதனைக் கொண்டு தொடக்கநிலையினர்க்கு நிரலாக்கம் பயிற்றிய 'ஆலிஸ்' என்னும் அமெரிக்கப் பல்கலைக்கழகத் திட்டத்தினர், கற்போர் இவ்விடத்திலே பெரிதும் தடுக்கி விழுவதைக் கண்டனர். மொழியை ஆக்கியோர் அதனைச் செவிமடுத்தனர். 2001இல் திருத்தம் முன்மொழியப்பட்டது. 2008 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலே 3.5 என்பதே விடையாயிற்று. முழுவெண் விடை வேண்டுவோர்க்கு இரட்டைச் சாய்கோடு வகுக்கப்பட்டது.

இம்மாற்றம் எளிதில் நிகழவில்லை. மூன்றாம் பதிப்பின் பல மாற்றங்களாற் பழைய நிரல்கள் திருத்தப்படவேண்டியதாயின; இரண்டாம் பதிப்பு 2020 தொடங்கும் வரை பேணப்பட்டது.

'அது அப்படித்தான்' என்று மாணவனை அமர்த்திவிடுவது எளிது. ஆனால் அவன் கேட்ட வினா, வல்லுநர் பல்லாண்டு வாதிட்ட வினா. மொழியையே திருத்திய வினா. வஹகோட்டையிற் கேட்கப்பட்டாலும் அம்ஸ்டர்டாமிற் கேட்கப்பட்டாலும் அதற்குரிய மதிப்பு ஒன்றேயாகும்.