டெக்கில் இருந்து 4கே பாக்ஸ் வரை: எந்த பிளேயர் ஜெயிக்கும்?

"வீட்டுல 4கே டிவி வாங்கியாச்சு, படம் பார்க்க எந்த பிளேயர் வாங்கலாம்?" இதுதான் இன்னைக்குக் கேள்வி. அட்டைப்பெட்டி மேல இருக்கற நம்பரைப் படிச்சே பதில் சொல்லிடலாம். ஆனா அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் இந்தக் கேள்வி 40 வருஷமா வேற வேற பேர்ல வந்துட்டே இருக்கு. அந்தக் கதையைக் கேட்டா பதில் கொஞ்சம் மாறும்.

சிக்னலுக்கு முந்தி வந்த டெக்

சென்னையில தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல ஆரம்பிச்சது. நம்ம வானம் பார்த்த பூமிக்கு அங்கிருந்து கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். ஒரு டவரோட அலை அவ்வளவு தூரம் வராது. 1987-ல கொடைக்கானல் டவர் வந்த பிறகுதான் தென்மாவட்டங்கள்ல தூர்தர்ஷன் பரவலாத் தெரிய ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடியே ஊருக்குள்ள நுழைஞ்சது வீடியோ டெக். சிங்கப்பூர், வளைகுடான்னு போய் வந்தவங்க கொண்டு வந்தது பாதி, டவுன் கடையில வாடகைக்கு எடுத்தது மீதி. காதுகுத்து, சடங்கு, கோயில் பொங்கல்னா டிவியும் டெக்கும் சேர்ந்து வரும், விடிய விடிய மூணு படம் ஓடும். 1984-லயே வி.சி.ஆர்.ல படம் போட்டுக் காட்டறதை முறைப்படுத்த தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் போட்டுச்சு. எவ்வளவு பரவியிருந்தா சட்டம் வரைக்கும் போயிருக்கும்?

உலகத்துல அப்போ ரெண்டு கட்சி. சோனியோட பீட்டாமேக்ஸ் 1975-ல வந்தது, ஜே.வி.சி.யோட வி.ஹெச்.எஸ் 1976-ல. பீட்டாமேக்ஸ்ல படம் கொஞ்சம் தெளிவுன்னு பேரு. ஆனா முதல்ல வந்த கேசட்ல ஒரு மணி நேரம்தான் பதிய முடியும், வி.ஹெச்.எஸ்ல ரெண்டு மணி நேரம். பின்னாடி நம்ம ஊருக்கு வந்த 180 நிமிஷ வி.ஹெச்.எஸ் கேசட்ல இடைவேளை, பாட்டு, சண்டை எல்லாம் சேர்த்து ஒரு முழுத் தமிழ்ப் படம் அடங்கிடும். வாடகைக் கடை முழுக்க வி.ஹெச்.எஸ் கேசட்டா இருக்கும்போது வேற டெக் வாங்கி என்ன பண்றது?

தூசியும் விசிடியும்

1993-ல விசிடி தரம் உருவாச்சு. படம் 352-க்கு 288 பிக்சல், அதாவது வி.ஹெச்.எஸ்ஸை விட பெரிசா ஒண்ணும் உசத்தி இல்ல. அமெரிக்காவுல அதைக் கண்டுக்கவே இல்ல. சீனாவுலயும் நம்ம ஊர்லயும் கொடி கட்டிப் பறந்துச்சு. ரீவைண்ட் வேண்டாம், ஹெட் துடைக்க வேண்டாம், சிடி மலிவு. படத்துக்கு ரெண்டு, மூணு சிடி மாத்தணும். அதை யாரும் குறையா நினைக்கல.

இதுல ஒரு இன்ஜினியரிங் விஷயம் இருக்கு. சாதாரண டேட்டா சிடியில ஒவ்வொரு செக்டார்லயும் 2048 பைட்தான் தகவல். மிச்ச இடத்துல பெரும்பகுதி பிழை திருத்தத்துக்குப் போயிடும். விசிடி அந்தப் பிழை திருத்தத்துல ஒரு அடுக்கையே தூக்கிட்டு, வீடியோவுக்கு 2324 பைட் எடுத்துக்கிச்சு. அதனாலதான் ஒரு சிடியில 74 நிமிஷம் அடங்குச்சு. அதனாலேயேதான் கொஞ்சம் கீறல் விழுந்தாலும் ஹீரோ முகம் கட்டம் கட்டமா உடைஞ்சுது. கரிசல் தூசி பறக்கற ஊர்ல, கை மாறி கை மாறி வர்ற வாடகை சிடிக்கு கீறலை மன்னிக்கற பிளேயர்தான் வேணும். "எந்த சிடி போட்டாலும் படிக்கும்"னு பேர் வாங்கின சீன பிளேயர்கள் வித்ததுக்கு அது ஒரு முக்கியமான காரணம்.

மஞ்சள் ஒயர்

2006 செப்டம்பர்ல அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சது. 2011-க்குள்ள ஒன்றரைக் கோடிக்கு மேல வீடுகளுக்குப் போச்சு, எல்லாம் 14 இஞ்ச். 2007 வாக்குல மோசர் பேயர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விட்டுச்சு. டிவிடியில 720-க்கு 576 பிக்சல், விசிடியை மாதிரி நாலு மடங்கு. ஆனா அது மஞ்சள் ஒயர் வழியா 14 இஞ்ச் டிவிக்குள்ள போகும்போது அந்த நாலு மடங்குல பெரும்பகுதி வழியிலேயே தொலைஞ்சிடும். அப்புறம் ஏன் டிவிடி பிளேயர் ஜெயிச்சது? பழைய விசிடியையும் அது ஓட்டும், எம்பி3 ஓட்டும், பின்னாடி பென் டிரைவும் ஓட்டுச்சு. வீட்டுல சேர்த்து வச்ச எதையும் அது தூக்கி எறியச் சொல்லல.

இன்னைக்கு என்ன பார்த்து வாங்கறது?

4கேன்னா 3840-க்கு 2160 பிக்சல். ஆனா 43 இஞ்ச் டிவியைப் பத்து அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தா 1080-க்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியறது கஷ்டம். அதனால நம்பரை விட்டுட்டு நாலு விஷயம் பாருங்க.

ஒண்ணு, ஹெச்.இ.வி.சி 10 பிட், ஏவி1 ரெண்டையும் சிப்பே நேரடியா டிகோட் பண்ணணும். இல்லன்னா படம் திக்கித் திக்கி வரும். ரெண்டு, ஓடிடி பார்க்கறவங்களுக்கு வைட்வைன் எல்1 வேணும். அது இல்லாத மலிவு பாக்ஸ்ல "4கே"ன்னு எழுதியிருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப்ல 480 தரம்தான் கிடைக்கும். மூணு, ஹெச்.டி.எம்.ஐ 2.0, கூடவே ஹெச்.டி.சி.பி 2.2. நாலாவதைத்தான் யாரும் கேட்கறதில்ல: எக்ஸ்ஃபேட் பென் டிரைவைப் படிக்குமா? பழைய ஃபேட்32 முறையில ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போக முடியாது. இப்போ கல்யாண வீடியோவை 4கேல எடுத்தா சுலபமா அதைத் தாண்டிடும்.

அலமாரியில இருக்கற கேசட்

வி.ஹெச்.எஸ் டெக் தயாரிச்ச கடைசிக் கம்பெனி ஜப்பானோட ஃபுனாய். 2016 ஜூலையோட நிறுத்திட்டாங்க. உங்க அப்பா அம்மா கல்யாண கேசட் இன்னும் பீரோவுல இருக்கலாம். தாத்தா நடந்து வர்றதும், இப்போ இல்லாத அத்தை சிரிக்கறதும் உலகத்துலயே அந்த ஒரு நாடாவுலதான் இருக்கும். ஃபேக்டரி பிரிண்ட் படம் திரும்பக் கிடைக்கும், இது கிடைக்காது. நாடாவுல காந்தப் பதிவு வருஷா வருஷம் மங்கும், ஈரத்துல பூஞ்சை பிடிக்கும். வெள்ளையாப் பூஞ்சை தெரிஞ்சா டெக்ல போடாதீங்க. நாடா அறுந்துடலாம், அடுத்து போடற கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டிக்கும். மதுரை மாதிரி ஊர்கள்ல கேசட்டை மாத்திக் கொடுக்கற ஸ்டூடியோ இருக்கும், விசாரிங்க. மாத்தின ஃபைலை ரெண்டு இடத்துல வைங்க, ஒண்ணு வேற வீட்டுல இருக்கட்டும்.

புது பாக்ஸ் வாங்கற காசுல ஒரு பகுதியை இதுக்கு ஒதுக்குங்க. பாக்ஸ் அடுத்த தீபாவளி ஆஃபர்லயும் வரும். ஓடற டெக்கும் அதைப் பழுது பார்க்கத் தெரிஞ்ச ஆளும் வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுட்டே போறாங்க.

உங்க வீட்டுல முதல்ல வந்த பிளேயர் எது, இப்போ அது எங்க இருக்குன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.