நெய்வேலியும் தொண்டின் கணக்கும்

நெய்வேலியின் கதையைச் சொல்வோர் ஒரு கிணற்றிலிருந்து தொடங்குவது வழக்கம். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி எனப் பின்னர் தெரிந்தது. அவர் 620 ஏக்கரை அரசுக்குக் கொடையாக அளித்தார். 1956இல் நிறுவனம் உருவாயிற்று. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கொடுத்தவரின் பெயர் நிலைத்தது. பின்னர் சட்டப்படி நிலம் எடுக்கப்பட்டு, ஊரையே விட்டு எழுந்துபோன குடும்பங்களை எவரும் கொடையாளர் என்பதில்லை. கொடுப்பதற்கும் எடுத்துக்கொள்ளப்படுவதற்கும் நடுவே விருப்பம் என்ற ஒன்று நிற்கிறது.

தொண்டை எண்ண முற்படும் ஆய்வாளர்களையும் வாட்டுவது இந்த விருப்பம்தான். 1998 ஜூலை முதல் ஓராண்டு, தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் மக்கள் நேரத்தைச் செலவிடும் விதத்தை அரசு சோதனையாக ஆராய்ந்தது. (நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி பிறந்ததும் அதே 1998இல்தான்.) நாடு தழுவிய கணக்கெடுப்பு 2019இல் நடந்தது. அதன்படி, ஆறு வயது நிரம்பியோரில் ஒரு நாளில் ஊதியமில்லாத் தொண்டு, பயிற்சி முதலியவற்றில் ஈடுபட்டோர் 2.4 விழுக்காடு. ஈடுபட்டோர் சராசரியாகச் செலவிட்டது 101 நிமிடம்.

எண் சிறியது என்று வருந்துமுன் அது எடுக்கப்பட்ட முறையைப் பார்க்க வேண்டும். தொண்டரும் ஊதியமில்லாப் பயிற்சியாளரும் ஒரே கூடையில் இடப்பட்டிருக்கிறார்கள். அப்ரண்டிஸ் யார், தொண்டர் யார் என்பது நெய்வேலியில் சிறுபிள்ளைக்கும் தெரியும்! மேலும், கேட்கப்பட்டது அதிகாலை நான்கு மணி முதல் மறுநாள் நான்கு மணி வரையிலான ஒரே நாளின் கணக்கு. 2004 டிசம்பர் 26இல் கடலூர்க் கரையைச் சுனாமி தாக்கியபின் சோறு பொங்கிக் கொண்டுபோனவர்களின் உழைப்பு அத்தகைய ஒரு நாளில் அகப்படுவது அரிது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வெளியிட்ட கையேடு வேறொரு வழியைக் காட்டியது. 'தொண்டு' என்ற சொல்லையே வினாவில் தவிர்த்துவிட்டு, கடந்த நான்கு வாரங்களில் வீட்டாரல்லாதவருக்கு ஊதியமின்றி என்ன செய்தீர்கள் என்று கேட்கச் சொன்னது. சரியான யோசனை என்றே நாம் கருதுகிறோம். பக்கத்து வீட்டுத் திருமணத்துக்குக் காய் நறுக்கிய பெண், தான் தொண்டு செய்ததாக ஒருநாளும் சொல்லமாட்டார்.

கட்டாயமின்மையையும் அக்கையேடு நிபந்தனையாக்கியது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் தோன்றியது. அதில் சேரும் மாணவர் இரண்டாண்டில் 240 மணி நேரம் உழைக்க வேண்டும். சேருவது விருப்பம், மணிக்கணக்கு விதி. நிறுவனமே ஊராக இருக்குமிடத்தில் இது இன்னும் நுட்பமாகும். மேலதிகாரி "நீங்களும் வரலாமே" என்று அழைத்த இரத்ததான முகாமுக்குப் போனவர் எந்தப் பத்தியில் அடங்குவார்? கைக்காசு போட்டுச் சிற்றிதழ் நடத்தி, கட்டுகளைத் தாமே அஞ்சலகத்துக்குச் சுமப்பவரை எங்கே வைப்பார்களோ, அதையும் நாம் கேட்கத்தான் வேண்டும்.