மாடுலர் சமையலறையில் டிஷ்வாஷர் பொருத்துதல்: பாண்டுப்

உள்பொருத்து டிஷ்வாஷர் என்பது சமையல் மேடைக்கு அடியில் அலமாரிகளின் நடுவே விடப்பட்ட இடத்தில் நுழைத்து, முன்கதவின் மேல் அலமாரி ஷட்டரைப் போன்ற பலகையைப் பூட்டி மறைத்துவிடக்கூடிய பாத்திரம் கழுவும் இயந்திரம். கட்டுப்பாட்டுப் பட்டை மட்டும் வெளியே தெரிந்தால் அது பாதி மறைந்த வகை. கதவின் மேல்விளிம்புக்குள் பொத்தான்கள் ஒளிந்திருந்தால் முழுதும் மறைந்த வகை. தனித்து நிற்கும் சாதாரண இயந்திரத்தின் மேல்மூடியைக் கழற்றி மேடைக்கடியில் தள்ளுவதையும் பலர் இந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள். மும்பையில் நடப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

பாண்டுப், மத்திய ரயில் பாதையில் காஞ்சூர்மார்க்குக்கும் நாஹூருக்கும் இடையில் உள்ள கிழக்குப் புறநகர். எல்.பி.எஸ். மார்க் சாலையின் இருபுறமும் ஆலைகள் இருந்த பகுதி இது. இப்போது பழைய ஆலை மனைகளில் உயர்ந்த அடுக்ககங்கள் நிற்கின்றன. ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தின் பாண்டுப் ஆலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியது. அதே நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஸ்லீக் என்ற மாடுலர் சமையலறை நிறுவனத்தில் 51 விழுக்காட்டுப் பங்கை வாங்கியிருந்தது. பெயின்ட் டப்பா போன இடத்துக்குச் சமையலறை அலமாரி வந்தது தற்செயல்தான் என்றாலும், இந்த ஊரின் மாற்றத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. 2020 ஊரடங்கில் வீட்டு வேலைக்கு வருபவர்களை சொசைட்டி எனப்படும் அடுக்கக வளாகங்களின் வாசலிலேயே நிறுத்தியபோது, மும்பையின் நடுத்தர வர்க்க வீடுகள் டிஷ்வாஷரை முதன்முதலாக மெய்யாகவே தேடத் தொடங்கின. மாடுலர் சமையலறைகளையும் விற்கும் ஐகியா கடை நவி மும்பையில் திறந்தது அதே ஆண்டு டிசம்பரில்.

அளவு

பொருத்துவதில் எழும் சிக்கலின் வேர் இரண்டு அளவுமுறைகளின் மோதல். இயந்திரம் ஐரோப்பிய 60 செ.மீ. கட்டத்துக்குள் அடங்குவது. அகலம் 598 மி.மீ., விட வேண்டிய இடம் 600. பாதங்களைத் திருகி உயரத்தை 815 மி.மீ.யிலிருந்து 875 வரை மாற்றலாம். ஆழத்துக்கு 550 முதல் 600 வரை வேண்டும். மும்பைச் சமையல் மேடையோ அடியிலும் அங்குலத்திலும் பிறந்தது. முதலில் கடப்பாக்கல் தாங்கிகளை நிறுத்தி அதன்மேல் கிரானைட்டைப் போடுவார்கள். அலமாரி அதற்குப் பிறகுதான் வரும்.

34 அங்குல மேடை என்றால் தரையிலிருந்து மேல்பரப்பு வரை 864 மி.மீ. கிரானைட்டின் கனம் 18 மி.மீ. போக 846 மிஞ்சும், இயந்திரம் தாராளமாக நுழையும் என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் மேடை தடிமனாகத் தெரிய வேண்டும் என்று முன்விளிம்பில் இன்னொரு கல்பட்டையை ஒட்டி 'டபுள் மோல்டிங்' போட்டிருப்பார்கள். அதற்கும் 18 போனால் வாசலில் மிஞ்சுவது 828. கல்லுக்கு அடியில் தாங்குபலகை இருந்தால் அதுவும் குறையும். ஆகவே உயரத்தை நடுவில் அல்ல, முன்விளிம்பின் கீழ்முனையிலிருந்து, இடம், வலம், பின்பக்கம் என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். 32 அங்குல மேடைகள் 813 மி.மீ.தான். கல்லின் கனத்தைக் கழித்தபின் அங்கே எந்த முழு அளவு இயந்திரமும் நுழையாது. மேடையை உயர்த்துவது, அல்லது மேடைமேல் வைக்கும் சிறிய இயந்திரத்தை வாங்குவது என்று இரண்டு வழிகள்தான் உண்டு. கல்லைக் கீழ்ப்புறத்திலிருந்து தேய்த்து இடம் பண்ணித் தருவதாகச் சொல்லும் மிஸ்திரியை நம்ப வேண்டாம். கிரானைட் விரிசல் விடும்.

அகலத்தில் குறுக்கே நிற்பது கடப்பாக்கல் தாங்கி. இரண்டு தாங்கிகளுக்கு இடையே 2 அடி என்று வைத்துக் கட்டியிருந்தால் 610 மி.மீ. கிடைக்கும், இயந்திரம் நுழைந்துவிடும். பக்கங்களில் பிளைவுட் பலகை அடித்தால் நுழையாது. பக்கப்பலகை வேண்டுமென்றால் தாங்கியை நகர்த்தி, அந்த வேலை முடியும்வரை கல்லுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஆயத்த அலமாரிகளில் இந்தத் தொல்லை இல்லை. 600 மி.மீ. அலமாரி ஒன்றைக் குறைத்தால் அந்த இடம் அப்படியே கிடைக்கும். 450 மி.மீ. அகலமுள்ள மெலிந்த வகையும் உண்டு. ஆனால் அதில் இட்லித் தட்டும் ஐந்து லிட்டர் குக்கரும் வைத்தபின் வேறு எதற்கும் இடமிருக்காது.

கதவு முன்னோக்கிப் படுத்துத் திறக்கும். திறந்தால் சுமார் 60 செ.மீ. வெளியே நீளும். 6 அடி அகலச் சமையலறையில் மேடைக்கு 60, திறந்த கதவுக்கு 60 போனால் எதிர்ச்சுவருக்கும் கதவுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில்தான் நிற்க முடியும். எதிரிலும் மேடை உள்ள சமையலறையில் நிற்கவே இடமிருக்காது. எல் வடிவ மேடையின் மூலையில் வைத்தால் கதவு பக்கத்து ஷட்டரின் கைப்பிடியில் இடிக்கும். நடுவே 5 செ.மீ. நிரப்புப்பட்டை விட்டால் போதும். சமைக்கும் அடுப்புக்கு நேர் கீழே வைப்பதைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை. சிங்க்குக்குப் பக்கத்து இடமே சரியானது.

முழுதும் மறைந்த வகையில் ஷட்டர் பலகையைக் கதவிலேயே திருகுவார்கள். பலகை கனமானால் கதவு தானாகக் கீழே விழும், இலேசானால் தானாக மூடிக்கொள்ளும். இதைச் சரிசெய்யக் கதவின் சுருள்வில் இழுவையை முன்பக்கத் திருகால் மாற்றலாம். பலகையைக் கீழே அளவுக்கு மீறி நீட்டினால் திறக்கும்போது அலமாரியின் அடிப்பட்டையான ஸ்கர்ட்டிங்கில் உரசும். ஆகவே ஷட்டரை அறுப்பதற்கு முன் இயந்திரத்தின் பொருத்து வரைபடம் தச்சர் கையில் இருக்க வேண்டும். அலமாரி முடிந்தபின் இயந்திரம் வாங்குவதுதான் இங்கே வழக்கம். செலவு இரட்டிப்பாவதும் அதனால்தான். இயந்திரத்தை மேடையின் அடியில் திருகி இறுக்கும் தகடுகள் மரமேடைக்காகச் செய்யப்பட்டவை. கிரானைட்டில் அவை பயன்படாது. பக்கத்து அலமாரிப் பலகையில்தான் இறுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால், அடித்தட்டை வெளியே இழுத்துப் பாத்திரம் ஏற்றும்போது இயந்திரம் முன்னே கவிழப் பார்க்கும்.

தண்ணீர்

நாளொன்றுக்கு 2,000 மில்லியன் லிட்டருக்கு மேல் சுத்திகரிக்கும் மாநகராட்சி நிலையம் பாண்டுப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் சொசைட்டிக்குக் குறிப்பிட்ட நேரமே தண்ணீர் வரும். அது கீழ்த்தொட்டியில் நிரம்பி, பம்பினால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து வீடுகளுக்கு இறங்குகிறது. எனவே இயந்திரத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் மாடியைப் பொறுத்தது. 10 மீட்டர் நீருயரம் ஏறத்தாழ 1 பார். பல மாதிரிகள் குறைந்தது 0.5 பார் கேட்கின்றன, அதாவது 5 மீட்டர். கடைசி மாடியில், தொட்டியின் அடிக்கும் சமையலறைக் குழாய்க்கும் நடுவே 4 மீட்டர்கூட இருக்காது. இயந்திரம் தண்ணீர் வரவில்லை என்று விளக்கைக் காட்டி நின்றுவிடும், பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவார்கள். சிறிய பிரஷர் பம்ப் வைத்தால் தீர்ந்தது. நான்கு மாடி கீழே இறங்கினால் இந்தப் பேச்சே இல்லை.

மும்பைக்கு ஏரிகளிலிருந்து வரும் நீர் மென்மையானது. கடினம் குறைந்த நீரில், நீரை மென்மையாக்க இடும் உப்பு தேவையில்லை என்று பல இயந்திரங்களின் கையேடுகள் சொல்லும். மென்மையாக்கியை மிகக் குறைந்த நிலையில் வைத்தால் போதும். சென்னையில் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருந்து இங்கு குடியேறுபவருக்கு இது வியப்பாக இருக்கும். கோடையில் டேங்கர் நீரைக் கலக்கும் சொசைட்டிகளில் மட்டும் பரிசோதனைப் பட்டையால் கடினத்தை அளந்து நிலையை ஏற்ற வேண்டும்.

இயந்திரக் குழாயின் முனை முக்கால் அங்குலத் திருகு. வீட்டு ஆங்கிள் காக் அரை அங்குலம். இடையே ஓர் இணைப்பான் வேண்டும். சிங்க்குக்கு உள்ள காக் ஒன்றையே இரண்டாகப் பிரிக்காமல் தனிக் காக் வைப்பது நல்லது. ஊருக்குப் போகும்போது அதை மட்டும் மூடிவிட்டுப் போகலாம்.

கழிவுக் குழாய்

இங்குதான் அதிகத் தவறு நடக்கிறது. பழைய கட்டிடங்களில் சிங்க்கின் நெளிகுழாய் நேராகத் தரை வடிகாலான நஹானி ட்ராப்பில் இறங்கும். பிளம்பர் டிஷ்வாஷரின் கழிவுக் குழாயையும் அதிலேயே செருகிவிடுவார். குழாயின் முனை இயந்திரத்தின் அடிமட்டத்தில் இருப்பதால், உள்ளே நிரம்பும் நீர் உறிஞ்சிழுப்பில் தானாக வெளியேறிக்கொண்டே இருக்கும். இயந்திரம் மீண்டும் மீண்டும் நீர் பிடிக்கும். பாத்திரம் அழுக்காகவே வரும். குழாயை முதலில் மேடையின் அடிவரை வளைத்து ஏற்றிக் கொக்கியிட்டு, பிறகு சிங்க்கின் பாட்டில் ட்ராப்பில் உள்ள கிளைமுனையில் இணைக்க வேண்டும். கிளைமுனை இல்லாத ட்ராப் என்றால் அதை மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை. நஹானி ட்ராப் வழியாக எலி ஏறி ரப்பர் குழாயைக் கடிப்பது மும்பையில் அரிதல்ல. சல்லடை மூடியும் அலமாரியின் பின்துளையில் கம்பிவலையும் அவசியம். ஒழுகினால் கீழ்வீட்டுக் கூரையில்தான் ஈரம் தெரியும். அது சொசைட்டிக் கூட்டம்வரை போகும்.

மின்சாரம்

பாண்டுப்புக்கும் முலுண்டுக்கும் மின்சாரம் தருவது மகாவிதரண். நகரின் மற்றப் பகுதிகளைப் போல பெஸ்ட், டாடா, அதானி அல்ல. நீரைச் சூடாக்கும்போது இயந்திரம் சுமார் 2,000 வாட் இழுக்கும். தனி எம்.சி.பி. வழியாக வரும், எர்த்திங் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். அதை இயந்திரத்தின் பின்னால் வைக்கக் கூடாது, பக்கத்து அலமாரிக்குள் கைக்கு எட்டுமாறு வைக்க வேண்டும். கீசரும் இன்டக்ஷன் அடுப்பும் கூடவே ஓடும் வீட்டில், அனுமதிக்கப்பட்ட மின்சுமையை முதலில் பில்லில் பார்ப்பது நல்லது.

இயந்திரத்தை உள்ளே தள்ளும் முன் மேடையின் அடிவிளிம்பில், இயந்திரத்தோடு வரும் ஆவித்தடுப்புப் பட்டையை ஒட்ட வேண்டும். பக்கத்துப் பலகைகளின் அறுத்த முனைகளை எட்ஜ் பேண்டால் மூட வேண்டும். கதவு திறந்ததும் எழும் ஆவியில் முதலில் உப்புவது அந்த முனைகள்தான், பலகை மரீன் பிளை என்றாலும். பின்பாதங்களின் உயரத்தை முன்பக்கத் திருகால் மாற்றி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, வெறும் இயந்திரத்தை ஒரு குறுஞ்சுற்று ஓட்டி, டார்ச் அடித்து அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பிறகே ஸ்கர்ட்டிங்கை மாட்ட வேண்டும். அதையும் சிலிக்கன் பூசி ஒட்டாமல் கிளிப்பில் மாட்டினால், அடுத்த முறை குழாயைப் பார்க்க வருபவர் அதை உடைக்க வேண்டியிருக்காது.