செம்பட்டி வட்டார உழவர் குடும்பம் (19ஆம் நூற்றாண்டு)

திண்டுக்கல் – வத்தலக்குண்டு சாலையிலுள்ள செம்பட்டி, 19ஆம் நூற்றாண்டில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. திண்டுக்கல் பகுதியைத் திப்பு சுல்தான் 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். தாமஸ் மன்றோ சென்னை ஆளுநராக இருந்த 1820களில் இரயத்துவாரி முறை மாகாணத்தில் பரவலானது. இம்முறையில் உழவர் தம் பெயரில் பட்டா பெற்று, நிலத்தீர்வையை அரசுக்கு நேரடியாகப் பணமாகச் செலுத்தினார்.

சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவை வீட்டுக்கு உணவாயின. புகையிலை கையில் காசு தந்தது. மழை குறைந்த இச்சமவெளியில் கிணற்றுப் பாசனமே பெருந்துணை. ஆண்கள் காளைகளைப் பூட்டிக் கவலை இறைக்க, பெண்கள் மடை மாற்றினர், களையெடுத்தனர், கதிரறுத்தனர். எனினும் பட்டா பொதுவாகக் குடும்பத் தலைவரான ஆணின் பெயரிலேயே இருந்ததால், பெண்களின் உழைப்பு வரிக்கணக்கில் தெரியவில்லை. தந்தைக்குப் பின் நிலம் மகன்களிடையே பிரிந்தது. கிணற்றைப் பிரிக்க முடியாததால் பங்காளிகள் முறைவைத்து நீர் இறைத்தனர்.

1876–78 பெரும்பஞ்சத்தில் தென்னிந்தியாவின் பல பகுதிகளில் பயிரும் கால்நடைகளும் அழிந்தன. காளை மடிந்தால் கிணற்றில் நீர் இருந்தும் இறைக்க வழியில்லை. எனவே மாட்டைக் காப்பதே நிலத்தைக் காப்பதாக இருந்தது. 1877இல் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலைக்கான ஆண் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியத்துடன் ஓர் அணாவாகக் குறைத்தார். அக்காலத்தில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து பலர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர்.