கடமும் பெட்டியும்: சிட்னியில் பிறந்த ஒரு கணக்கு

சிட்னியிலிருந்து தெற்கே வுலங்காங் போகும் வழியில், காடு சூழ்ந்த மேடுகளுக்கு நடுவே ஹெலன்ஸ்பர்க் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி எழுந்த சிற்றூர். 1985இல் இங்கே வேங்கடேசப் பெருமாள் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்த பிறகு, சிட்னித் தமிழர்களுக்கு இந்த ஊரின் பெயரே கோயிலின் பெயர்போல ஆகிவிட்டது. கோயில் வாசலில் நின்று நாகஸ்வரமும் தவிலும் கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும்: தவிலின் தொப்பியில் கழி விழும்போது எழும் அடி காதுக்கு மட்டும் வருவதில்லை, நெஞ்சுக்கும் வருகிறது. அதே தவிலை வீட்டில் ஒலிப்பதிவாகக் கேட்டால் பெரும்பாலும் அந்த அடிதான் முதலில் காணாமல் போகும். அல்லது ஊதிப் பெருத்து எல்லா அடியும் ஒரே 'பும்' ஆகிவிடும். விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளை வாங்குபவர்கள் தேடுவதில் பாதி இந்த அடித்தளத்தைத்தான். அதைத் தற்செயலாக அல்லாமல் கணக்குப் போட்டு வரவழைக்கும் வழி, ஹெலன்ஸ்பர்க்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் சிட்னியில், 1961இல் அச்சேறியது. இன்றைய வீட்டு ஒலிபெருக்கியின் வரலாற்றில் பெரிய திருப்பம் எதுவென்று கேட்டால், எந்த நிறுவனத்தின் எந்தப் புகழ்பெற்ற மாடலையும் விட, பொதுவில் வெளியிடப்பட்ட அந்த ஒரு கட்டுரையைத்தான் நான் சொல்வேன்.

அதற்கு முந்தைய நிலையைப் பார்த்தால்தான் இது விளங்கும். காந்தத்துக்குள் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு என்ற இன்றைய ஸ்பீக்கரின் அமைப்பை 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் ரைஸும் கெல்லாகும் உருவாக்கினார்கள். கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்றை அழுத்துகிறது, பின்பக்கக் காற்றை இழுக்கிறது. இரண்டும் சந்தித்துக்கொண்டால் கீழ்ச்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே பின்பக்க ஒலியை அடைக்க ஒரு பெட்டி வேண்டும். முழுக்க மூடிய பெட்டி ஒரு வழி. பெட்டியில் கணக்காக ஒரு துளையிட்டு, பின்பக்க ஒலியையும் வேலைக்கு எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. இதற்கு பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932இலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் 'கணக்காக' என்ற சொல்லுக்குப் பின்னால் அன்று கணக்கே இல்லை. துளை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், பெட்டி எத்தனை லிட்டர் என்பதெல்லாம் தச்சரின் கைப்பழக்கமும் பத்திரிகைகளில் வந்த பொதுவிதிகளும்தான். துளையின் பரப்பு கூம்பின் பரப்புக்குச் சமமாக இருக்கட்டும் என்பது அவற்றில் ஒன்று. ஒருவருக்கு நன்றாக அமைந்த பெட்டி, வேறு ஸ்பீக்கரைப் பொருத்திய அடுத்தவருக்கு அமையாது. துளைப்பெட்டி என்றாலே ஒற்றைச் சுரத்தில் முழங்கும் பெட்டி என்று பெயர் கெட்டுப்போனது. 1954இல் எட்கர் வில்ச்சர் அமெரிக்காவில் மூடிய சிறு பெட்டியோடு வந்தபோது, பலர் துளைப்பெட்டியைக் கைகழுவியதில் வியப்பில்லை.

துளைப்பெட்டியின் இயல்பு தமிழ்க் காதுக்குப் புதியதல்ல. மானாமதுரைக் குயவர் செய்யும் கடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடைபட்ட காற்று ஒரு வில்; வாயருகே இருக்கும் காற்று அந்த வில்லில் தொங்கும் எடை. தட்டினால் இரண்டும் சேர்ந்து தமக்கென ஒரு சுருதியில் ஆடும். வித்வான் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்துத் திறப்பைக் குறுக்கும்போது அந்தச் சுருதி இறங்குகிறது, கும்கி பிறக்கிறது. ஒலிபெருக்கிப் பெட்டியின் துளையும் அதில் செருகிய குழலும் இதே வேலையைத்தான் செய்கின்றன. வேறுபாடு ஒன்றே. கடத்தைத் தட்டுவது விரல். பெட்டிக்குள் இருக்கும் காற்றை ஆட்டுவது, தனக்கென ஒரு சுருதி உடைய இன்னொரு பொருள், அதாவது கூம்பு. தனிச் சுருதியுள்ள இரண்டு பொருள்களைக் கட்டிப்போட்டால் அவை எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் முப்பது ஆண்டுகளாக யாரும் முழுமையாக விடைகாணாத கேள்வி.

நெவில் தீல் பிரிஸ்பேனில் 1920இல் பிறந்தவர். 1952இல் ஆஸ்திரேலிய இஎம்ஐ நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். ஆஸ்திரேலியாவில் தொலைக்காட்சி 1956இல்தான் வந்தது. அந்நிறுவனத்தின் முதல் தொலைக்காட்சிப் பெட்டிகளை வடிவமைத்த குழுவை நடத்தியவர் அவர். இந்தப் பின்னணி முக்கியம். தொலைக்காட்சிப் பெட்டி முழுக்க மின் வடிப்பான்களால் ஆனது. வேண்டிய அதிர்வெண்ணை விட்டு வேண்டாததை நிறுத்தும் சுற்றுகள். வடிப்பான்களுக்கோ பட்டர்வொர்த், செபிஷேவ் என்று பெயர் வைத்து, அட்டவணை போட்டு, கணிதம் தெளிவாக முடிந்திருந்தது. தீல் துளைப்பெட்டியையும் ஸ்பீக்கரையும் சேர்த்து ஒரே வடிப்பானாகப் பார்த்தார்: ஓர் அளவுக்கு மேலான ஒலியை மட்டும் விடும் நான்காம்படி வடிப்பான். அப்படிப் பார்த்தவுடன் மர்மம் கலைந்தது. ஸ்பீக்கரைப் பற்றி மூன்று எண்கள் போதும். கூம்பின் சொந்த அதிர்வெண் ஒன்று. அந்த அதிர்வு எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதைக் காட்டும் எண் இரண்டாவது. கூம்பைத் தாங்கும் விளிம்பின் நெகிழ்வுக்குச் சமமான காற்று எத்தனை லிட்டர் என்பது மூன்றாவது. இந்த மூன்றும் கையில் இருந்தால், மரத்தை அறுப்பதற்கு முன்பே பெட்டியின் கொள்ளளவும் குழலின் நீளமும் தெரிந்துவிடும். ஓர் உதாரணம்: இரண்டாவது எண் 0.383, மூன்றாவது 85 லிட்டர் என்றால், பெட்டி 60 லிட்டர் இருக்கவேண்டும். துளையைக் கூம்பின் அதிர்வெண்ணுக்கே சுருதி சேர்க்கவேண்டும். அந்த அதிர்வெண் வரைக்கும் ஒலி மேடுபள்ளமின்றி இறங்கும். இப்படி 28 அமைப்புகளை அட்டவணையாகக் கொடுத்தார் தீல்.

அந்த எண்களை அளக்க ஆய்வகம் வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு இந்தக் கட்டுரையின் பேரழகாகத் தோன்றுகிறது. ஸ்பீக்கரைப் பெட்டியில் வைக்காமல் வெறும் காற்றில் தொங்கவிட்டு, மின்தடை ஒன்றின் வழியே தாழ்ந்த அதிர்வெண்களை ஒவ்வொன்றாகச் செலுத்தி, முனைகளில் மின்னழுத்தத்தை மீட்டரில் பார்த்தால், ஓர் இடத்தில் முள் உச்சிக்கு ஏறும். அதுதான் கூம்பின் சொந்தச் சுருதி. 30 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கூம்பின் நடுவில் 25 கிராம் களிமண்ணை அப்பினால் உச்சி 20 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது என்றால், கூம்பும் சுருளும் சேர்ந்த எடை 20 கிராம் என்று காகிதத்தில் போட்டுவிடலாம். மிருதங்கத்தின் தொப்பியில் நனைத்த ரவையை அப்பிச் சுருதியைக் கீழே இறக்குகிறாரே வித்வான், அதே வேலை. அவர் காதால் நிறுத்தும் இடத்தை இங்கே எண்ணால் நிறுத்துகிறோம்.

கட்டுரை ஆஸ்திரேலிய வானொலிப் பொறியாளர் கழகத்தின் ஏட்டில் 1961 ஆகஸ்டில் வந்தது. உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த தயாரிப்பாளர்களின் மேசைக்கு அந்த ஏடு போவது அரிது. பத்தாண்டுகள் கழித்து, 1971 மே, ஜூன் மாதங்களில் அமெரிக்க ஒலிப் பொறியியல் சங்கத்தின் ஏடு அதே கட்டுரையை மறுபடி அச்சிட்டது. அதன்பிறகுதான் தொழில் மாறியது. ஒரு கருத்தின் மதிப்பை அது வெளியான இடம் எவ்வளவு தூரம் மறைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம். சொந்த மொழியில் அறிவியல் எழுதும் நமக்கு அந்தப் பத்தாண்டின் வலி புரியாமல் இருக்காது. இதற்கிடையில் கலிஃபோர்னியாவில் பிறந்த ரிச்சர்ட் ஸ்மால் சிட்னிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, தீலின் கணக்கை எடுத்து வளர்த்து 1972இல் முனைவர் பட்டம் பெற்றார். மூடிய பெட்டி, துளைப்பெட்டி எல்லாவற்றையும் ஒரே முறைக்குள் கொண்டுவந்த அவருடைய கட்டுரைகள் 1972, 1973இல் வெளியாயின. பிறகு 1986இல் இங்கிலாந்தின் கெஃப் நிறுவனத்துக்கு ஆய்வுத் தலைவராகப் போனார். இன்று சீனத்தில் செய்தாலும் டென்மார்க்கில் செய்தாலும், ஸ்பீக்கரோடு வரும் தாளில் அச்சிடப்படும் எண்களுக்கு தீல்-ஸ்மால் அளவைகள் என்றுதான் பெயர்.

தீல் முதல்வர் அல்லர் என்பார்கள். உண்மைதான். டச்சு மொழியில் வான் லூவன் 1956இலும், அமெரிக்காவில் ஜேம்ஸ் நோவாக் 1959இலும் இதே பாதையில் நடந்தவர்கள். ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று தீலிடம் இருந்தது: எந்த ஸ்பீக்கருக்கும் பொருந்தும் அட்டவணை. பகுப்பாய்வு செய்பவருக்கு ஒரு பெட்டி ஏன் அப்படி ஒலிக்கிறது என்று தெரியும். அட்டவணை வைத்திருப்பவரால், தான் கேட்க விரும்பும் ஒலியிலிருந்து பின்னோக்கி வந்து பெட்டியைச் செய்யமுடியும். முதலில் கண்டவரையும், பிறர் கையாளும்படி செய்து கொடுத்தவரையும் வரலாறு தனித்தனியே மதிக்கவேண்டும். தொழிலை மாற்றுபவர் இரண்டாமவர்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. எண்கள் கேட்பதில்லை, காதுதான் கேட்கிறது. நல்ல ஒலிபெருக்கி செய்பவர் ஒரு கலைஞர், அவரை அட்டவணைக்குள் அடைக்கலாமா என்பது அது. தீலின் கணக்கு கீழ்ச்சுரங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது, அதுவும் கூம்பு சிறிதாக அசையும்போது மட்டுமே சரியாகப் பேசுகிறது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ளவேண்டும். வயலினின் இழைவு, குரலின் கரகரப்பு, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே பாடகர் வந்து உட்கார்ந்ததுபோன்ற தோற்றம் ஆகிய எதுவும் அந்த மூன்று எண்களில் இல்லை. அங்கே காதுக்கும் அனுபவத்துக்கும் இடம் நிறைய. ஆனால் கீழ்ச்சுரத்தில் கலைஞருக்கும் தப்ப முடியாத ஓர் எல்லையை ஸ்மால் காட்டினார். அதே திறனோடு, அதாவது அதே மின்சாரத்துக்கு அதே சத்தத்தோடு, 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பெட்டியை 20 ஹெர்ட்ஸ் வரை இறக்கவேண்டுமானால் கொள்ளளவு எட்டு மடங்காகவேண்டும். 60 லிட்டர் 480 லிட்டராகும். சிறிய பெட்டி, அதிகச் சத்தம், ஆழமான அடி ஆகிய மூன்றையும் ஒன்றாக வாங்கவே முடியாது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இரண்டுதான் கிடைக்கும். புத்தக அலமாரியில் வைக்கும் பெட்டியில் தவிலின் முழு எடையும் வரும் என்று விற்பவர் சொன்னால், அவர் கலையைப் பற்றிப் பேசவில்லை. அந்த வாக்கைச் சோதிக்க நம்மிடம் இன்று ஓர் அளவுகோல் இருப்பதே சிட்னி தந்த கொடை.

அறையை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், இந்த இடத்தில் மறுப்பாளர் பெரும்பாலும் சரி என்பதுதான். பெட்டிக்குள் முடிந்த கணக்கு அறைக்குள் மறுபடி தொடங்குகிறது. நீளம் 4.3 மீட்டர் உள்ள அறை ஏறத்தாழ 40 ஹெர்ட்ஸில் தானே முழங்கும். அந்தச் சுரம் சுவரோரம் உட்கார்ந்தவருக்கு இரட்டிப்பாகவும், அறையின் நடுவில் இருப்பவருக்கு இல்லாமலும் போகும். மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சிட்னி வீட்டின் சுவர் கீழ்ச்சுரத்தில் கொஞ்சத்தை விழுங்கி வெளியே விடும். செங்கல்லும் கான்கிரீட்டும் டைல்ஸும் ஆன சென்னை வீட்டு ஹால் அதைத் திருப்பி அடிக்கும். ஒரே ஜோடி இரண்டு ஊரில் இரண்டு விதமாகப் பேசும். அதனால்தான் புதிய ஒலிபெருக்கியை அமைப்பவர்கள் பின்சுவரிலிருந்து அதை ஒவ்வொரு சாணாக முன்னே இழுத்து, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். மூலைக்குப் போனால் அடி கூடும், முன்னே வந்தால் தெளியும். ஆனால் இந்த அலுப்பான வேலைக்குப் பொருள் இருப்பதே பெட்டியின் நடத்தை முன்கூட்டித் தெரிந்திருப்பதால்தான். பெட்டியே ஒற்றைச் சுரத்தில் முழங்கிக்கொண்டிருந்தால், கேட்கும் 'பும்' அறையுடையதா பெட்டியுடையதா என்று பிரித்தறிய வழியில்லை. 1950களின் ரசிகர்கள் பலர் சிக்கியது அந்தக் குழப்பத்தில்தான். அறையைத் திருத்தும் இன்றைய மென்பொருள்களும் பெட்டியின் கணக்கு சரியாக முடிந்திருக்கிறது என்று நம்பித்தான் தொடங்குகின்றன.

தீல் 1962இல் இஎம்ஐயை விட்டு ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டில், அதே இஎம்ஐ குழுமத்தைச் சேர்ந்த எச்எம்வி எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத்தை இந்தியாவில் இசைத்தட்டாக வெளியிட்டது. ஹெலன்ஸ்பர்க்கில் கோயில் எழுவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. ஒரே குழுமத்தின் ஒரு கை பாட்டைப் பதிந்தது. இன்னொரு கையில் வேலை பார்த்த பொறியாளர் அதை வீட்டில் ஒழுங்காகக் கேட்கும் கணக்கை, காப்புரிமைப் பூட்டுப் போடாமல் ஏட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார். 2012இல் அவர் காலமானார். சிட்னியின் கடையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ புதிய ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் தீல்-ஸ்மால் எண்கள் உள்ள தாளைக் கேளுங்கள். செய்து முடித்த பெட்டியாக வாங்கினால், அது எத்தனை ஹெர்ட்ஸ் வரை, எத்தனை டெசிபல் இழப்போடு இறங்குகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.