நுங்கம்பாக்கத்து இரவுகள்

ஆண்டுதோறும் திருக்காட்சிப் பெருவிழாவன்று, விண்மீனைக் கண்டு வழிநடந்த கீழ்த்திசை ஞானிகளை நாம் நினைவுகூர்கிறோம். அவர்கள் படைத்த பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் ஆகியவற்றின் பொருளைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அக்காணிக்கைகளுக்கு முன்னர் எத்தனையோ இரவுகள் அவர்கள் உறக்கம் துறந்து வானத்தை நோக்கியிருந்ததை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. வழக்கமான வானத்தை நன்கறிந்தவருக்கே புதிய விண்மீன் புலப்படும்.

இண்டூர் போன்ற சிற்றூர்களில் வாழும் நமக்கு, நிலவில்லா இரவின் வானம் இன்றும் கிடைக்கும் செல்வம். அந்த வானத்தை நம் தமிழ் மண்ணில் நின்று ஆய்ந்தவர்களின் வரலாறு நீண்டது. 1689ஆம் ஆண்டு டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்மீனை நோக்கிக்கொண்டிருந்த இயேசு சபைக் குரு ரிஷோ, ஆல்ஃபா சென்டாரி என்னும் விண்மீன் உண்மையில் இரட்டை விண்மீன் என்பதைக் கண்டார். ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 1792இல், சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக்கூடம் எழுந்தது. கருவியைத் தாங்க அங்கு நிறுவப்பட்ட கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. அக்கூடத்திற்கு 1861இல் வந்து சேர்ந்தவரே நார்மன் ராபர்ட் பாக்சன்.

பாக்சன் 1829இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பிறந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாமல், வானாய்வுக்கூடங்களில் உதவியாளராக உழைத்தே தேர்ச்சி அடைந்தவர். ஆக்ஸ்போர்டு ராட்கிளிஃப் வானாய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள்களுள் ஐசிஸ் என்பதை 1856இல் கண்டுபிடித்தார். ஐசிஸ் என்பது அவருடைய மூத்த மகளின் பெயருமாகும்.

அதே 1856இல் அவர் முன்மொழிந்த ஓர் அளவுகோல்தான் அவருடைய பெயரை வானியலில் நிலைநிறுத்தியது. பண்டைய கிரேக்கர் விண்மீன்களை ஒளிக்கேற்ப ஆறு தரங்களாகப் பிரித்திருந்தனர். மிகப் பொலிவானவை முதல் தரம். கண்ணுக்கு அரிதாகத் தெரிபவை ஆறாம் தரம். ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு எவ்வளவு என்பதற்கு உறுதியான கணக்கு இல்லாதிருந்தது. முதல் தர விண்மீன் ஆறாம் தரத்தைவிட நூறு மடங்கு ஒளியுடையது என்று கொண்டால், ஒவ்வொரு படிக்கும் ஒளி ஏறத்தாழ 2.512 மடங்கு மாறும் என்று பாக்சன் வகுத்தார். இன்றைய மாபெரும் தொலைநோக்கிகளுக்கும் இதுவே அளவுகோல்.

சென்னைக்கு வந்த சில வாரங்களிலேயே, 1861 ஏப்ரலில், மற்றொரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயரிட்டார். தொடர்ந்து சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா எனப் பல அவர் கண்ணில் பட்டன. பகலின் வெப்பமும் மழைக்கால மேகமும் தடுத்தாலும், 1891இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் சென்னையே அவருடைய பணிக்களமாக இருந்தது.

ஆனால் அந்த இரவுகளில் அவர் தனித்திருக்கவில்லை. சிறு வயதிலேயே அக்கூடத்தில் பணிக்குச் சேர்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பாக்சன் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அங்கு உழைத்து வந்தவர். 1867 சனவரியில், ரெட்டிக்குலம் என்னும் தென்வான விண்மீன் கூட்டத்தில், ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்கு ஒருமுறை ஒளி ஏறி இறங்கும் மாறொளி விண்மீன் ஒன்றை அவர் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்து செல்லவிருந்தபோது, எளிய மக்களுக்கும் விளங்கும்படி உரையாடல் வடிவில் சிறு நூலொன்று எழுதினார். அது இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. கண்ணால் காணும் வானத்தோடு பஞ்சாங்கக் கணக்கும் ஒத்திருக்க வேண்டும் என்று வாதாடிய அவர், 1880இல் காலமானார்.

ஆட்சியாளர் ஒருபுறம், ஆளப்பட்டோர் மறுபுறம் என்றிருந்த காலம் அது. உதவியாளரின் கண்டுபிடிப்பைத் தலைவர் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தால் கேட்பார் யார்? பாக்சன் அப்படிச் செய்யவில்லை. ரகுநாதாச்சாரியின் கண்டுபிடிப்பு அவர் பெயராலேயே உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பிறருடைய உழைப்பைப் பிறருடையது என்று ஒப்புக்கொள்வது நீதியின் முதற்படி எனலாம்.

பாக்சனின் மகள் ஐசிஸ் அத்தகைய நீதியை எளிதில் பெறவில்லை. அவர் 1873 முதல் 25 ஆண்டுகள் அதே கூடத்தில் கணக்கீட்டாளராகவும் உதவியாளராகவும் உழைத்தார். சென்னை அரசின் வானிலைப் பணிகளையும் மேற்பார்வையிட்டார். 1886இல் தந்தை அவர் பெயரை அரச வானியல் கழகத்திற்கு முன்மொழிந்தார். பெண் என்பதால் அது ஏற்கப்படவில்லை. தந்தை மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1920இல்தான் கழகத்தின் கதவு அவருக்குத் திறந்தது. அப்போது அவருக்கு வயது 68.

பாக்சனிடமும் குறைகள் இருந்தன. பல்லாண்டுகள் குவித்த விண்மீன் அளவீடுகளை அவர் உரிய காலத்தில் அச்சேற்றவில்லை. 1887இல்தான் முதல் தொகுதி வெளிவந்தது. எஞ்சியவற்றை அவருடைய மறைவுக்குப்பின் மிச்சி ஸ்மித் நிறைவு செய்தார். 1899இல் வானாய்வுப் பணி கோடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. பாக்சன் 1866இல் கண்ட சில்வியாவுக்கு இரு துணைக்கோள்கள் உண்டு என்பது 2001, 2005 ஆகிய ஆண்டுகளில்தான் தெரியவந்தது. அவர் 1885இல் வேராவைக் கண்டபின், இந்திய மண்ணிலிருந்து அடுத்த சிறுகோள் கண்டறியப்பட நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. இண்டூருக்கு வடகிழக்கே சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வுக்கூடத்தில் 1988இல் காணப்பட்ட அதற்கு, கணித மேதை இராமானுசனின் பெயர் சூட்டப்பட்டது. ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் தொடர்கிறார். முழுப் பயனையும் தம் வாழ்நாளிலேயே காண்பவர் எவருமிலர்.

இவ்வரலாறு நம் திருச்சபை வாழ்வுக்கும் ஒரு கேள்வியை விடுக்கிறது. நம் பங்குகளின் வரலாற்றை எழுதும்போது, கோயில் கட்டிய குருக்களின் பெயர்களை நன்றியுடன் பொறிக்கிறோம், அது தகுதியே. அவர்களுடன் ஊர் ஊராக நடந்து செபம் கற்பித்த உபதேசியாரின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? விடியுமுன் எழுந்து கோயில் மணியடித்தவரை யார் எழுதிவைத்தார்? மண் சுமந்த தாய்மார், பீடத்துணி வெளுத்துத் தந்த கைம்பெண், மறைக்கல்வி கற்பித்த இளம்பெண் ஆகியோர் ஐசிஸைப் போல இன்னும் வாயிலில் காத்திருக்கவில்லையா? இவர்களை அறிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே கேட்டு, பெயர் பெயராகக் குறித்துவைப்பது நம் கடன்.

விண்மீன்கள் ஒவ்வொன்றையும் பெயரிட்டு அழைக்கும் இறைவனைப் புகழ்ந்து பாடுகிறோம். அவருக்கு ஆறாம் தர விண்மீனும் மறைவானதன்று. மங்கலாகத் தெரிவதற்குத் தொலைவும் காரணமாகலாம் என்பதை வானியல் நமக்குக் கற்பிக்கிறது. நாம் சற்றே அருகில் சென்று பார்ப்போம்.