ஈரானியத் திரையில் பெயர்கள்

ஈரானில் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே குடும்பப் பெயர் எல்லோருக்கும் கட்டாயமானது. ஊரையும் தொழிலையும் முன்னோரையும் பலர் குடும்பப் பெயராக்கிக்கொண்டனர். 'ஸாதே', 'பூர்' என்று முடியும் பெயர்கள் இன்னாரின் பிள்ளை என்பதைக் குறிக்கும். நடிகை கோல்ஷிப்தே ஃபரஹானியின் பெயரில் இருப்பது ஃபரஹான் என்ற பிரதேசம். இயக்குநர் மொஹ்சென் மக்மல்பாஃபின் குடும்பப் பெயருக்கு மகமல், அதாவது வெல்வெட் துணி நெய்பவர் என்று பொருள்.

அந்தப் பெயரைச் சுற்றியே அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'குளோஸ்-அப்' (1990) நகர்கிறது. ஹொசைன் சப்சியான் என்ற வறிய சினிமா ரசிகர், தானே மக்மல்பாஃப் என்று கூறி தெஹ்ரானில் ஒரு குடும்பத்துடன் பழகுகிறார். பிடிபட்டு நீதிமன்றம் செல்கிறார். இது உண்மைச் சம்பவம். சம்பந்தப்பட்டவர்களே படத்தில் தோன்றினார்கள். தன் சொந்தப் பெயருக்குக் கிடைக்காத மரியாதை அந்தப் பெயருக்குக் கிடைத்தது என்பதே சப்சியானின் விளக்கம்.

ஜாபர் பனாஹி விடயத்தில் நிலைமை வேறு. பாரசீகத்தில் 'பனாஹ்' என்றால் அடைக்கலம். 2010இல் அவருக்கு ஆறு ஆண்டுச் சிறையும், 20 ஆண்டுகள் படமெடுக்கத் தடையும் விதிக்கப்பட்டன. தடையை மீறி அவர் எடுத்த 'டாக்ஸி' 2015இல் பேர்லின் விழாவில் தங்கக் கரடி விருதை வென்றது. படத்தின் முடிவில் பெயர்ப்பட்டியல் இல்லை. வெளியிட அனுமதிக்கப்படும் படங்களின் பெயர்ப்பட்டியலையே அமைச்சு அங்கீகரிக்கும், தான் விரும்பியும் இந்தப் படத்தில் அது இல்லை என்ற குறிப்பு மட்டும் வருகிறது. கமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் யாரென்று படம் சொல்லவில்லை. அவர்களுக்கு அதுதான் அடைக்கலம்.